மாமாவின் ஃபண்ட் கணக்கை ஏபிஐ ஆக்குவது எப்படி?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். துபாயில் இருக்கும் வாப்பா, சாச்சா, மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கும் மாமா என்று குடும்பத்தில் ஏழெட்டுப் பேரின் மியூச்சுவல் ஃபண்ட் கணக்கை நான்தான் பார்க்கிறேன். எக்செலில் ரேட் ஃபங்ஷன் வைத்துப் போட்டிருந்ததை இப்போது பைத்தானுக்கு மாற்றிவிட்டேன். இதை ஒரு வெப் ஏபிஐ (இணையம் வழியே கேட்டால் விடை தரும் புரோகிராம்) ஆக்கி, அவரவர் கணக்கை அவரவர் போனில் பார்க்கும்படி செய்ய ஆசை. எந்த ஃபிரேம்வொர்க், எந்த சர்வர் நல்லது? வீட்டுக் கம்ப்யூட்டரையே சர்வராக ஓட்டலாமா? மாமாவுக்கு மட்டும் லாப சதவீதம் தப்பாக வருவது ஏன்? பின்னால் வெளியாட்களுக்கும் கொடுத்து மாதச் சந்தா வாங்கலாமா?

பதில்: மாமா கணக்கிலிருந்து தொடங்குவோம். அது சரியாகாத வரை சர்வருக்குக் காசு கட்டுவது வீண்.

அவர் விசைப்படகுக்காரர். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் நின்றுவிடும், மராமத்து, பெயின்ட், வலை என்று செலவு மட்டும் நிற்காது. அந்த இரண்டு மாதம் எஸ்ஐபியை (மாதாமாதம் ஃபண்டில் போடும் தவணையை) நிறுத்தியிருப்பார், கொஞ்சம் யூனிட்டை (ஃபண்டில் அவருக்குள்ள பங்கை) விற்றும் இருப்பார். நல்ல மீன்பாடு கிடைத்த மாதத்தில் மொத்தமாகப் போட்டிருப்பார். ரேட் ஃபங்ஷனோ ஒவ்வொரு மாதமும் ஒரே தொகை, ஒரே இடைவெளியில் போகிறது என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடும். வாப்பாவின் சம்பளப் பணத்துக்கு அது பொருந்திவிட்டது. மாமாவுக்குப் பொருந்தாது.

உங்களுக்குத் தேவை எக்ஸ்ஐஆர்ஆர், அதாவது வெவ்வேறு தேதிகளில் போட்டு எடுத்த பணத்துக்கு ஆண்டு லாப விகிதம் சொல்லும் கணக்கு. போட்ட பணம் மைனஸ், எடுத்த பணம் பிளஸ், இன்றைய மதிப்பு கடைசியில் ஒரு பிளஸ். ஒவ்வொன்றையும் அதனதன் தேதியோடு வைத்து, எந்த ஆண்டு விகிதத்தில் இடைப்பட்ட காலத்துக்குக் கழித்து ஒரே நாள் மதிப்புக்குக் கொண்டுவந்தால் எல்லாம் கூட்டிப் பூஜ்யம் வருகிறதோ அதுதான் விடை. ஒரு ஊகத்தில் தொடங்கித் திருத்திக்கொண்டே போகும் நியூட்டன் முறையில் தேடினால் சில கணக்குகளில் விடை எங்கேயோ ஓடிவிடும். சைபை என்ற பைத்தான் நூலகத்தில் உள்ள, இரண்டு எல்லைக்குள் மட்டும் விடை தேடும் பிரென்ட்க்யூவை எடுத்துக்கொண்டு, மைனஸ் 99 சதவீதத்துக்கும் 1000 சதவீதத்துக்கும் இடையே தேடச் சொல்லுங்கள். குடும்பக் கணக்குகளுக்கு அது தாராளம். மைனஸ் மட்டும் இருந்தாலோ பிளஸ் மட்டும் இருந்தாலோ விடையே கிடையாது. அப்போது ஏபிஐ விழுந்துவிடாமல் ‘கணக்கிட முடியவில்லை’ என்று திருப்பி அனுப்ப வேண்டும்.

இன்னொரு பொறி: சாச்சா பதினைந்து நாளைக்கு முன் போட்ட பணம் 2 சதவீதம் ஏறியிருந்தால், எக்ஸ்ஐஆர்ஆர் அதை ஆண்டுக்கு 62 சதவீதம் என்று காட்டும். கணக்கு சரிதான், ஆனால் அதைப் பார்த்துவிட்டு அவர் கடன் வாங்கிப் போட்டால் பழி உங்கள் தலையில். ஓராண்டு நிறையாத முதலீட்டுக்கு வெறும் ஏற்றத்தை மட்டும் காட்டுங்கள்.

அடுத்தது, எதைச் சேமிப்பது. இன்று யாரிடம் எத்தனை யூனிட் என்ற கையிருப்புப் பட்டியலைச் சேமிக்காதீர்கள். நடந்த ஒவ்வொரு பரிவர்த்தனையையும் சேமியுங்கள்: தேதி, ஃபண்ட், தொகை, யூனிட், வாங்கியதா விற்றதா. கையிருப்பை அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். கையிருப்பிலிருந்து பரிவர்த்தனையைத் திரும்ப எடுக்க முடியாது. எக்ஸ்ஐஆர்ஆருக்கும் சரி, விற்கும்போது முதலில் வாங்கியது முதலில் போகும் என்ற வரிக் கணக்குக்கும் சரி, பரிவர்த்தனைதான் வேண்டும்.

யூனிட்டை நீங்களே வகுத்துக் கண்டுபிடிக்கவும் வேண்டாம், ஸ்டேட்மென்ட்டில் உள்ளதை அப்படியே ஏற்றுங்கள். 2020 ஜூலை 1 முதல் ஃபண்ட் வாங்கினால் 0.005 சதவீதம் முத்திரை வரி பிடிக்கிறார்கள். 5,000 ரூபாய் எஸ்ஐபியில் 25 பைசா போய், 4,999.75 ரூபாய்க்குத்தான் யூனிட் கிடைக்கும். என்ஏவி (ஒரு யூனிட்டின் அன்றைய விலை) 48.2156 என்று வைத்துக்கொண்டால் ஸ்டேட்மென்ட் 103.696 யூனிட் என்று சொல்லும், உங்கள் கோடு (புரோகிராம்) 103.701 என்று சொல்லும். காசில் ஒன்றுமில்லைதான். ஆனால் மூன்று வருடம் கழித்து எல்லா யூனிட்டையும் விற்றபின் கணக்கில் பூஜ்யத்துக்குப் பதில் ஏதோ ஒரு துக்கடா தொக்கி நிற்கும், அதைத் தேடி ஒரு ராத்திரி போகும். இதே காரணத்துக்காகப் பணத்தைத் தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட்டில் வைக்காமல் துல்லியமான டெசிமலில் வையுங்கள். ஒரே ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸான எஸ்கியூலைட்டில் டெசிமல் வகை கிடையாது என்பதால் தொகையைப் பைசாவாகவும், யூனிட்டை ஆயிரத்தாலும் என்ஏவியைப் பத்தாயிரத்தாலும் பெருக்கி முழு எண்ணாகவும் போட்டுவிடலாம்.

தேதியை நேரம் இல்லாத வெறும் தேதியாக வையுங்கள். நேரத்தோடு வைத்தால், இங்கே ஏப்ரல் 1 நள்ளிரவு என்பது சர்வரின் யுடிசி (உலகப் பொது நேர) கடிகாரத்தில் மார்ச் 31 மாலை 6.30. ஒரு பரிவர்த்தனை போன நிதியாண்டுக்குள் போய் விழுந்துவிடும்.

என்ஏவிக்கு யாரிடமும் காசு கொடுக்க வேண்டியதில்லை. மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனிகளின் சங்கமான ஆம்ஃபி எல்லா ஃபண்டுகளின் என்ஏவியையும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலாகத் தினமும் வெளியிடுகிறது. அரைப்புள்ளியால் பிரிந்த வரிகள்; நடுநடுவே ஃபண்ட் கம்பெனியின் பெயர் மட்டும் உள்ள வரிகளும் வெற்று வரிகளும் வரும், சில இடங்களில் எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘என்.ஏ.’ என்று இருக்கும். இவற்றைத் தாண்டிப் போகும்படி எழுதுங்கள். இரவு 11.30க்கு ஒரு முறை, விட்டுப்போனதைப் பிடிக்கக் காலை பத்து மணிக்கு மேல் ஒரு முறை இறக்கினால் போதும். குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் எழுதும்போது இரவு 11.30 என்பது யுடிசியில் 18.00 என்பதை மறக்க வேண்டாம். மாமா போனைத் திறக்கும்போதெல்லாம் ஆம்ஃபியைப் போய்த் தட்டாதீர்கள். பதிலில் ‘எந்தத் தேதி என்ஏவி’ என்பதும் கட்டாயம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பார்ப்பவருக்கு வெள்ளிக்கிழமை விலை தெரிகிறது என்பது புரிய வேண்டும்.

இனி ஃபிரேம்வொர்க். பைத்தான் தெரியும் என்பதால், அதில் ஏபிஐ எழுதுவதற்கான ஃபாஸ்ட்ஏபிஐ. இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. கணக்குப் போடும் கோடைத் தனி ஃபோல்டரில் வைத்து, அதற்கு வெப் என்று ஒன்று இருப்பதே தெரியாதபடி எழுதுங்கள். அப்போதுதான் மாமாவின் பரிவர்த்தனைகளைக் கொடுத்து, எக்செலின் எக்ஸ்ஐஆர்ஆர் ஃபங்ஷன் தரும் விடையோடு ஒப்பிட்டு டெஸ்ட் எழுத முடியும். புதிதாக எழுதுபவர்கள் எல்லா ஃபங்ஷனுக்கும் முன்னால் அசிங்க் (காத்திருக்கும் நேரத்தில் அடுத்த வேலையைப் பார்க்கச் சொல்லும் குறி) போட்டுவிடுவார்கள். எக்ஸ்ஐஆர்ஆர் போன்ற கணக்கு வேலை அதற்குள் நடந்தால், அது முடியும் வரை மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். அசிங்க் இல்லாத சாதாரண ஃபங்ஷனாக எழுதினால் ஃபாஸ்ட்ஏபிஐயே அதைத் தனி த்ரெட்டில் (இணையாக ஓடும் தனி ஓட்டத்தில்) ஓட்டிக்கொள்ளும்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது பூட்டில்தான், அதாவது யார் எதைப் பார்க்கலாம் என்பதில். ஏழாம் எண் போர்ட்ஃபோலியோ (முதலீட்டுக் கணக்கு) சாச்சாவுடையது, எட்டாம் எண் மாமாவுடையது என்றால், சாச்சா இணைய முகவரியில் 7ஐ 8 ஆக்கிப் பார்த்தால் என்ன வருகிறது? உள்ளே வந்தவர் யார் என்று மட்டும் பார்த்துவிட்டு, கேட்ட கணக்கு அவருடையதா என்று பார்க்காத ஏபிஐகள் ஏராளம். டேட்டாபேஸில் தேடும் ஒவ்வொரு வரியிலும் உரிமையாளரின் எண்ணும் நிபந்தனையாக இருக்க வேண்டும். டோக்கனை (உள்ளே வந்தவரை அடையாளம் காட்டும் ரகசியக் குறியை) முகவரியில் போடாமல் ஹெடரில் (கோரிக்கையோடு தனியாகப் போகும் தலைப்புப் பகுதியில்) அனுப்புங்கள். முகவரியில் இருப்பதெல்லாம் லாக் ஃபைலில் பதிவாகிவிடும். பான் எண், ஃபோலியோ எண் (ஃபண்ட் கம்பெனி தரும் கணக்கு எண்) இரண்டும் இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. இல்லாததைத் திருட முடியாது, சேமிக்காமல் விடுங்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டர் வேண்டாம். உங்கள் ஊர் உப்புக்காற்றில் கேபினெட்டின் ஸ்க்ரூ வரைக்கும் துரு ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இவற்றையெல்லாம் சமாளித்தாலும், வீட்டு இணைப்புகள் பலவற்றில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி (இணையத்தில் உங்கள் இணைப்பின் எண் முகவரி) தருவதில்லை. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒன்றுதான். துபாயிலிருந்து நேரே உங்கள் கம்ப்யூட்டருக்கு வழி இருக்காது.

ஒரு ஜிபி ரேம் உள்ள சின்ன விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் சர்வர்) இந்தக் குடும்பத்துக்குப் போதும். மும்பையிலோ பெங்களூரிலோ உள்ள டேட்டா சென்டராகப் பாருங்கள். பாண்டாஸ் (பைத்தானின் தரவு நூலகம்) ஏற்றினால் ஒவ்வொரு ஒர்க்கரும் (ஓடும் ஏபிஐயின் ஒவ்வொரு பிரதியும்) தனித்தனியாக ரேம் தின்னும், அதனால் இரண்டுக்கு மேல் ஓட்டாதீர்கள். இலவசத் திட்டங்களில் பல, ஆள் வராவிட்டால் தூங்கிவிடும். அது பரவாயில்லை, ஆனால் அவற்றில் ஒவ்வொரு முறை புதுக் கோடு ஏற்றும்போதும் டிஸ்க்கில் இருந்த ஃபைல்கள் அழிந்துபோவது உண்டு. எஸ்கியூலைட் ஃபைல் அதில் இருந்தால் கதை முடிந்தது.

புரோகிராமை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பெட்டியாகக் கட்டும் டாக்கரில் போட்டு ஓட்டுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. லினக்ஸ் சர்வரின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில், ஏபிஐ ஓடும் 8000ஆம் போர்ட்டை (இணைப்பு வாசலை) மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள். டாக்கர் திறக்கும் போர்ட் அந்த ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். டாக்கரின் போர்ட் வரியில் 8000:8000 என்று எழுதாமல் 127.0.0.1:8000:8000 என்று எழுதினால் சர்வருக்குள்ளேயே நிற்கும். அதன் முன்னால் கேடி (Caddy) என்ற வெப் சர்வரை நிறுத்துங்கள், எச்டிடிபிஎஸ் சான்றிதழை அதுவே வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளும். பேக்கப் இரவுதோறும் வேறொரு இடத்துக்குப் போகட்டும். ஓடிக்கொண்டிருக்கும் எஸ்கியூலைட் ஃபைலைச் சும்மா காப்பி எடுத்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டலாம். அதற்கென்று உள்ள பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். எடுத்த பேக்கப்பை மாதம் ஒரு முறை லேப்டாப்பில் திறந்து, மாமாவின் யூனிட் சரியாக வருகிறதா என்று பாருங்கள்.

சந்தா விஷயம். சொந்தக்காரர்களின் கணக்கை வீட்டுக் காரியமாகப் பார்த்துக்கொடுப்பது வேறு, ஊரார் கணக்கைக் கையில் வாங்குவது வேறு. வீட்டுத் தேவைக்காகத் தனிநபர் வைத்திருக்கும் தகவலுக்கு 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. வெளியாட்களிடம் சந்தா வாங்கத் தொடங்கியதும் அந்த விலக்கு போய்விடும். காசு வாங்கிக்கொண்டு ‘இதை விற்று அதை வாங்குங்கள்’ என்று முதலீட்டு ஆலோசனை சொல்ல, 2013ஆம் ஆண்டின் செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) விதிமுறைகளின்படி முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்திருக்க வேண்டும். எண்ணைக் காட்டுவதோடு நிற்கும் ஏபிஐக்கும், எண்ணுக்குக் கீழே ‘இந்த ஃபண்ட் சரியில்லை, மாறுங்கள்’ என்று ஒரு வரி சேர்க்கும் ஏபிஐக்கும் இங்கேதான் வித்தியாசம் வருகிறது. நாளைக்குப் பங்குகளையும் சேர்ப்பதாக இருந்தால், எக்ஸ்சேஞ்ச் தளத்திலிருந்து விலையைச் சுரண்டி எடுத்து விற்க முடியாது, அதற்குத் தனி லைசென்ஸ். சந்தா எண்ணம் நிஜமாகவே இருந்தால், அந்தப் பகுதிக்கு ஒரு வரி கோடு எழுதும் முன் செபி விதிகள் தெரிந்த கம்பெனி செக்ரட்டரி ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.