ஈரலில் கொழுப்பு: இருபது வருஷம் கழித்து என்ன ஆகும்?

குடிப்பழக்கம் இல்லாதவர்களுக்கு வரும் ஃபேட்டி லிவர் பற்றி நீலகிரியிலிருந்து வந்த கேள்விகள்.

கோத்தகிரி, வயது 46: ஸ்கேனில் ‘கிரேடு 2’ என்று வந்திருக்கிறது டாக்டர். ஈரல் கெட்டுவிடுமா?

கிரேடு என்பது படிந்த கொழுப்பின் அளவு, அவ்வளவுதான். பிற்காலத்தை முடிவு செய்வது ஈரலில் விழும் தழும்பு. அதை 0 முதல் 4 வரை கணக்கிடுவார்கள். 4 என்றால் சிரோசிஸ், அதாவது ஈரல் முழுக்கத் தழும்பேறி இறுகிப்போன நிலை. வெறும் கொழுப்பாக இருந்தால் முதல் படி ஏறவே சராசரியாக 14 வருஷம் ஆகும். அழற்சியும் சேர்ந்தால் 7 வருஷம். பலருக்கு ஏறுவதே இல்லை. உங்கள் வயது, ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற ஈரல் என்சைம்கள், பிளேட்லெட் (ரத்தத் தட்டணுக்கள்) எண்ணிக்கை நான்கையும் வைத்து, தழும்பைக் கணிக்கும் ‘ஃபிப்-4’ கணக்குப் போடச் சொல்லுங்கள். 1.3க்குக் கீழே வந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. மேலே வந்தால் மலையிறங்கி கோவைக்குப் போயாவது ஃபைப்ரோஸ்கேன் (ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேன்) எடுத்துவிடுங்கள்.

குன்னூர்: எனக்கு எஸ்ஜிபிடி நார்மல். அப்போ பயமில்லையே?

அதை மட்டும் நம்பாதீர்கள். சிரோசிஸ் வந்தவர்களுக்கும் நார்மலாக இருப்பதுண்டு.

கூடலூர்: அம்மா எஸ்டேட்டில் இலை பறிக்கிறார், ஒல்லியான உடம்பு, 9 வருஷமாக சுகர். அவருக்கு எப்படி ஃபேட்டி லிவர்?

நம்மவர்களுக்கு உடம்பு மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். இடுப்பை அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. சுகர் இருந்தால் தழும்பு வேகமாக ஏறும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது ஈரல் அல்ல, மாரடைப்பு போன்ற இதயநோய்தான். ஈரலுக்குக் கெடுதல் என்று பயந்து கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்துகிறார்கள், மனசு பதறுகிறது. ஃபேட்டி லிவருக்காக ஸ்டாட்டின் என்ற அந்த கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. அம்மாவிடம் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

ஊட்டி, 80 கிலோ: விழுந்த தழும்பு ஆறுமா? கிரீன் டீ மாத்திரை சாப்பிடலாமா?

ஆறும். எடையில் பத்தில் ஒரு பங்கு, உங்களுக்கு 8 கிலோ, குறைத்தவர்களில் பலருக்குத் தழும்பு ஒரு படியாவது இறங்கியிருக்கிறது. கொழுப்பு மட்டும் குறைய 4 கிலோ போதும். கிரீன் டீ சாற்று மாத்திரை வேண்டாம், அதனாலேயே ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. நம் தேயிலையைக் காய்ச்சிக் குடியுங்கள், சர்க்கரை இல்லாமல். கூடவே வர்க்கி வேண்டாம், அது மைதாவும் கொழுப்பும்தான். சிரோசிஸ் என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள் மட்டும், எடை குறைந்தாலும், ஈரலில் புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பதை விடவே கூடாது.