சுகருக்கும் டிஎன்ஏ மெத்திலேஷனுக்கும் என்ன சம்பந்தம்? – கேள்வி பதில்

கேள்வி: மேடம், அப்பா அம்மா இரண்டு பேருக்கும் டைப் 2 சுகர். பரம்பரை என்று புரிகிறது, நடுவில் இந்த மெத்திலேஷன் எங்கிருந்து வந்தது?

பதில்: டிஎன்ஏவில் சைட்டோசின் என்ற எழுத்தின் மேல், பெரும்பாலும் அதை அடுத்து குவானின் வரும் இடங்களில், மெத்தில் என்ற சின்ன வேதித் துணுக்கு வந்து ஒட்டும். இதுதான் மெத்திலேஷன். ஜீன் தொடங்கும் இடத்தில் நிறைய ஒட்டினால் அந்த ஜீன் பொதுவாக அடங்கிவிடும். எழுத்து மாறாது, வேலை மாறும். வயது, எடை, புகைப்பழக்கம் எல்லாமே இந்த ஒட்டை மாற்றும்.

கேள்வி: நம்மவர்களை வைத்து ஏதாவது ஆராய்ச்சி நடந்திருக்கிறதா அக்கா?

பதில்: நடந்திருக்கிறது. லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரையும் ஐரோப்பியரையும் வைத்துச் செய்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. சுகர் இல்லாதபோதே ரத்தம் எடுத்து வைத்துவிட்டு, பிறகு யாருக்கு வந்தது என்று பார்த்ததில், ஐந்து ஜீன்களில் இருந்த மெத்திலேஷன் வித்தியாசத்துக்கும் பின்னால் வந்த சுகருக்கும் தொடர்பு தெரிந்தது. அதில் ஒன்று டிஎக்ஸ்என்ஐபி. இந்த ஜீன் அளவுக்கு மீறி வேலை செய்தால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களுக்குக் கேடு. சுகர் வருபவர்களிடம் இதன் மேல் மெத்தில் குறைவாக இருக்கிறது. சரி, காரணம் கிடைத்துவிட்டது என்று குதிக்க வேண்டாம். ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறினாலே இந்த ஜீன் முடுக்கிவிடப்படும், ஆகவே எது முன்னே எது பின்னே என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. உடல் பருமனை எடுத்துக்கொண்டால், 2017-ல் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி, ரத்தத்தில் தெரியும் மெத்திலேஷன் மாற்றங்களில் பெரும்பாலானவை எடை கூடியதன் விளைவுதான்.

கேள்வி: ஹெச்பிஏ1சி டெஸ்டில் பார்ப்பதும் இதைத்தானே?

பதில்: இல்லைங்க. அது ஹீமோகுளோபின் மேல் சர்க்கரை ஒட்டுவது. முதிர்ந்த சிவப்பணுவில் டிஎன்ஏவே கிடையாது. மெத்திலேஷனை வெள்ளையணுவில்தான் பார்ப்பார்கள்.

கேள்வி: எச்சிலை வைத்து மெத்திலேஷன் டெஸ்ட் எடுத்து, சுகர் வருமா என்று சொல்கிறோம் என ஆன்லைனில் விளம்பரம் வருகிறது. எடுக்கலாமா?

பதில்: காசைக் கரியாக்காதீர்கள். ஒவ்வொரு உறுப்பிலும் மெத்திலேஷன் ஒவ்வொரு மாதிரி. கணையத்தில் நடப்பதை எச்சில் அப்படியே சொல்லாது, உயிரோடு இருப்பவரின் கணையத்தைக் கிள்ளி எடுத்துப் பார்க்கவும் முடியாது. அதனால்தான் ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகக்காரர்கள் இறந்தவர்கள் தானம் செய்த கணையத் திட்டுகளை, அதாவது பீட்டா செல்கள் இருக்கும் சின்னச் சின்ன செல் கூட்டங்களை, வைத்து ஆராய்கிறார்கள். பெற்றோர் இருவருக்கும் இருக்கிறது என்றால் வெறும் வயிற்று சுகரும் ஹெச்பிஏ1சியும் வருஷம் ஒரு முறை பாருங்கள், போதும்.

கேள்வி: நடைப்பயிற்சி செய்தால் இந்த ஒட்டு மாறுமா?

பதில்: 2012-ல் ஒரு சோதனை. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத ஆரோக்கியமானவர்களை ஒரு தடவை நன்றாக சைக்கிள் மிதிக்க வைத்து, தொடைத் தசையில் துளி எடுத்துப் பார்த்தார்கள். சக்தியைச் செலவழிக்கும் வேலையில் உள்ள சில ஜீன்களில் மெத்தில் குறைந்திருந்தது. கடுமையாக மிதித்தபோது இன்னும் அதிகமாக. அது கொஞ்ச நேரத்து மாற்றம்தான். ஆனால் நடந்தால் சுகர் இறங்கும் என்பதற்கு மெத்திலேஷன் சாட்சி சொல்லத் தேவையே இல்லை, நீங்கள் நடங்கள்.