புகையிலைப் பார்சல் சுங்கத்தில் நிற்கிறதா? கேட்டவர்களுக்குப் பதில்

மலேசியாவில், பினாங்கில் சுங்க முகவர் வேலை பார்ப்பவன் என்பதால், இந்தியாவிலிருந்து வரும் தபால் பார்சலைப் பற்றி உறவுக்காரர்களும் தெரிந்தவர்களும் என்னிடம்தான் கேட்கிறார்கள். இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் புகையிலை. ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன்.

அண்ணே, அப்பாவுக்கு உறையூர் சுருட்டு ஒரு பெட்டி மாமா தபாலில் போட்டார். டிராக்கிங்கில் "சுங்கத்தில்" என்றே நிற்கிறது. இன்னும் எத்தனை நாள் பொறுப்பது? (ஜெலுத்தோங்)

பொறுக்க வேண்டாம் தம்பி, இன்றைக்கே கேளுங்கள். புடவையோ புத்தகமோ நின்றால் பெரும்பாலும் கூட்டம்தான் காரணம், தீபாவளி நேரத்தில் அப்படித்தான் இருக்கும், தானாக வந்துவிடும். புகையிலை அப்படியில்லை, அது ஏதோ ஒரு தாளுக்காக நிற்கிறது, அந்தத் தாள் என்ன என்று தெரியாமல் காத்திருந்தால் கிடங்கில் கிடக்கும் நாள்தான் கூடும். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், மறுபடி இரண்டு எழுத்து என்று ஒரு எண் இருக்குமே, அதை வைத்துக்கொண்டு தபால் நிலையத்தில் விசாரியுங்கள். மாமா நிரப்பிய சி.என். 23 என்ற சுங்க அறிவிப்புப் படிவத்தின் நகலையும் கடை ரசீதையும் வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள். படிவத்தில் வெறும் "பரிசுப் பொருள்" என்று எழுதியிருந்தால் அதிகாரி பெட்டியைத் திறந்துதான் பார்ப்பார், வேறு வழி அவருக்கும் இல்லை. இறக்குமதி உரிமம் இல்லாமல் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டால், அனுப்பியவருக்கே திருப்ப முடியுமா என்று உடனே கேளுங்கள். பறிமுதல் ஆனபிறகு கேட்டுப் பயனில்லை.

500 வெள்ளிக்குள் (ரிங்கிட்) இருந்தால் வரி இல்லை என்றுதானே சொல்கிறார்கள்? (செந்தூல்)

இந்த நம்பிக்கையில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளை இணையத்தில் வாங்கினால் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, ஷோப்பி, லாசாடா போன்ற தளங்கள் பணம் கட்டும்போதே அதைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் சிகரெட், புகையிலை, மது, மின்சிகரெட் எதுவும் இந்தக் கணக்கிலேயே சேராது. விலை 20 வெள்ளியாக இருந்தாலும் முழு வரிதான், இறக்குமதி வரி, கலால் வரி, விற்பனை வரி என்று தனித்தனியாக. அதுவும் சிகரெட்டுக்குக் கலால் வரி விலையைப் பார்ப்பதில்லை, எண்ணிக்கையைப் பார்க்கிறது. 2015 நவம்பரிலிருந்து ஒரு சிகரெட்டுக்கு 40 காசு, 2025 நவம்பரில் இன்னும் 2 காசு ஏறியது. மலிவாகக் கிடைத்தது என்று வரவழைப்பதில் அர்த்தமே இல்லை.

தேயிலை என்று எழுதி அனுப்பச் சொல்லலாமா?

கூடாது. எக்ஸ்ரேயில் போகும், திறப்பார்கள். அதுவரை தாள் குறைவாக இருந்த பார்சல், அதற்குமேல் பொய் அறிவிப்பு. 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் கடத்தலுக்கு அபராதம் வரியைப்போலப் பல மடங்கு, சிறையும் உண்டு. பெட்டியின் மேல் இருப்பது உங்கள் பெயர், உங்கள் வீட்டு முகவரி.

புகையிலை இல்லை, மரத்தில் செய்த பைப் மட்டும்தான். அதுவும் நிற்குமா? (ஈப்போ சாலை)

நிற்கலாம். பைப்பும் அந்த 500 வெள்ளிச் சலுகைக்கு வெளியேதான், பலருக்கு இது தெரியாது. சுங்க வரி அட்டவணையில் இதற்கு 9614 என்ற தலைப்பு. "மரப் பைப், புதியது, புகையிலை இல்லை" என்று விலையோடு ரசீதில் எழுதச் சொல்லுங்கள், அந்த ஒரு வரி பல நாளை மிச்சப்படுத்தும்.

சுங்க அதிகாரி என்று ஒருவர் போன் செய்து 850 வெள்ளி கட்டினால் பார்சலை விடுவதாகச் சொல்கிறார். கட்டலாமா ஐயா? (பட்டர்வொர்த்)

கட்டாதீர்கள் அக்கா, தயவுசெய்து கட்டாதீர்கள். சுங்கத் துறை யாருடைய சொந்த வங்கிக் கணக்கிலும் பணம் போடச் சொல்லாது. வரி என்றால் கணக்கீடு இருக்கும், அதிகாரபூர்வ ரசீது இருக்கும். இப்படி வருகிற அழைப்பில் அவர்கள் நம் பயத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், "போதைப்பொருள் இருக்கிறது, போலீஸ் வருகிறது" என்று அடுத்த வார்த்தை வந்துவிடும், வயதானவர்கள் சேமிப்பையே இழந்திருக்கிறார்கள். போனை வைத்துவிட்டு நீங்களே தபால் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். ஏற்கெனவே பணம் போட்டிருந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 997க்கு அழையுங்கள், தேசிய மோசடி எதிர்ப்பு மையம், பணம் அடுத்தடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் தடுக்கப் பார்ப்பார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பீடியை மாதாமாதம் தபாலில் வரவழைத்து விற்கலாமா?

தபால் இதற்கு வழியே இல்லை. வியாபாரம் என்றால் முதலில் உரிமம், பிறகு கே1 என்ற இறக்குமதி அறிவிப்புப் படிவம், வரி, அதற்குப் பிறகுதான் சரக்கு. சிகரெட்டுக்குப் புதிய இறக்குமதி உரிமம் கொடுப்பதையே 2021ல் அரசு நிறுத்தியது. இதற்குமேல் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள 852ஆம் சட்டம், அதாவது புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது, எச்சரிக்கைப் படம் இல்லாத பொட்டலத்தைக் கடையில் விற்க முடியாது, எந்தப் புகைப்பொருளையும் இணையத்தில் விற்கவும் முடியாது. சரக்குக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் உரிமம் பெற்ற ஒரு முகவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.