பத்திரிகை கொடுக்க மட்டும் கூப்பிடுகிறேன் என்று நினைப்பாளோ?

கேள்வி: எனக்கு வயது 53. கும்பகோணத்தில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி ஒருத்தி. கல்யாணத்துக்குப் பிறகும் பல வருடம் தொடர்பில்தான் இருந்தோம். சண்டை எதுவும் இல்லை. அவள் கணவருக்கு வடக்கே மாற்றல், இங்கே என் மாமியார் படுக்கையில் என்று மெல்ல மெல்லப் பேச்சு நின்றுபோனது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா தவறிவிட்டார். அதுவும் நான்கு மாதம் கழித்து வேறொருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். விடுதிக்கு வரும்போதெல்லாம் எனக்கும் சேர்த்து முறுக்குக் கொண்டுவருவார் அவர். அப்படிப்பட்டவர் போனதற்கு நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவ்வளவு நாள் கழித்துக் கேட்டால் என்ன நினைப்பாளோ என்று தள்ளிப்போட்டே காலம் போய்விட்டது. இப்போது தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். அடுத்த மாதம் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. அவள் வர வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. 'துக்கத்துக்குக் கேட்காதவள், பத்திரிகை கொடுக்க மட்டும் கூப்பிடுகிறாள்' என்று நினைத்துவிட்டால்? 'வாட்ஸ்அப்பில் பத்திரிகையை அனுப்பு, வந்தால் வரட்டும்' என்கிறார் என் கணவர். எந்த முகத்தோடு கூப்பிடுவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கூப்பிடுங்கள். பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்பே, முடிந்தால் இந்த வாரமே கூப்பிடுங்கள். கல்யாணப் பேச்சை மட்டும் முதல் தடவை எடுக்க வேண்டாம்.

உங்களை மாதிரி போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறவர்களைப் பற்றி உளவியல்காரர்கள் கடந்த சில ஆண்டுகளில் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தின் லாரா அக்னின், இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் ஆகிய இருவரும் 2024இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 2,500 பேர் அதில் பங்கெடுத்தார்கள். தொடர்பு விட்டுப்போன பழைய நட்பு ஒன்றாவது உண்டா என்று முதலில் கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் உண்டு என்றார்கள். அப்புறம் ஒரு சோதனை. மறுபடி பேச வேண்டும் என்று உங்களுக்கே ஆசையாக இருக்கிற, நீங்கள் பேசினால் அவரும் சந்தோஷப்படுவார் என்று நம்புகிற, போன் எண்ணும் கையில் இருக்கிற ஒரு பழைய நண்பரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நாலு வரி எழுதுங்கள் என்றார்கள். எழுதினார்கள். சரி, இப்போது அனுப்புங்கள் என்று நேரமும் கொடுத்தார்கள். அனுப்பியவர்கள் மூன்றில் ஒருவர் அளவுதான். எழுதி முடித்த செய்தி, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அதுவும் முடியவில்லை. முன்பின் தெரியாதவரிடம் பேச எவ்வளவு தயங்குவார்களோ, அதே அளவு தயக்கம் பழைய நண்பரிடமும் அவர்களுக்கு இருந்தது.

அவர்கள் சொன்ன காரணங்களைப் படித்தபோது உங்கள் கடிதமே நினைவுக்கு வந்தது. என்னிடமிருந்து போன் வருவதை அவள் விரும்பாமல் போகலாம், சங்கடமாக இருக்கும், இவ்வளவு நாள் கேட்காமல் இருந்துவிட்டேனே என்ற குற்ற உணர்ச்சி. ஆகவே 'நான் மட்டும் இப்படி இருக்கிறேனே' என்று நினைத்து மருக வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு எப்படி இருக்கிறது? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெக்கி லியுவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2022இல் அதைத்தான் பார்த்தார்கள். 13 சோதனைகள், 5,900க்கும் மேற்பட்டவர்கள். சும்மா விசாரிக்க ஒரு குறுஞ்செய்தி, ஒரு சின்னப் பரிசு என்று அனுப்பச் சொல்லி, 'இது கிடைத்தால் அவர் எவ்வளவு மகிழ்வார்' என்று அனுப்புகிறவரிடமும், எவ்வளவு மகிழ்ந்தார் என்று பெற்றவரிடமும் கேட்டார்கள். அனுப்பியவர்கள் தொடர்ந்து குறைத்தே மதிப்பிட்டார்கள். எதிர்பாராத தொடர்பாக இருக்க இருக்க, பெற்றவரின் மகிழ்ச்சி கூடியது. அனுப்புகிறவருக்கு அந்த எதிர்பாராமையின் மதிப்பு தெரிவதில்லை. இத்தனை வருட இடைவெளி உங்களைக் கூச வைக்கிறது. அதே இடைவெளிதான் உங்கள் போனை உங்கள் தோழிக்கு ஒரு பெரிய விஷயமாக்கும்.

இனி, உங்களை உண்மையில் அறுத்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அப்பாவின் சாவு.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் எப்லி குழு, கஷ்டத்தில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்லத் தயங்குவதைப் பற்றி 2022இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஆறுதல் சொல்லப் போகிறவர், 'சரியான வார்த்தை வருமா, தப்பாக எதையாவது சொல்லிவிடுவேனோ' என்று தன் திறமையையே அளந்துகொண்டிருக்கிறார். கேட்கிறவரோ வார்த்தையைப் பார்ப்பதில்லை, அந்த அன்பைத்தான் பார்க்கிறார். அதனால்தான் நாம் பயப்படும் அளவுக்கு அங்கே சங்கடம் ஏற்படுவதில்லை.

நம் ஊர் வழக்கத்தையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாவு வீட்டில் பதினாறாம் நாள் காரியம் வரை ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். அதற்குப் பிறகு? வருஷத் திதியோடு சரி. மூன்று வருடம் கழித்து உங்கள் தோழியிடம் அவருடைய அப்பாவைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? கணவர் வீட்டாருக்கு அவர் சம்பந்தி. பிள்ளைகளுக்குத் தாத்தா. பொட்டலத்தோடு விடுதி வாசலில் வந்து நின்ற அப்பாவைப் பார்த்த மனுஷி நீங்கள். தன் மகளின் அறைத்தோழிக்கும் சேர்த்து முறுக்குக் கட்டிக்கொண்டு வந்தவர் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை உங்கள் தோழியிடம் சொல்லுங்கள். எவ்வளவு தாமதமாகச் சொன்னாலும் அது அவருக்குப் போய்ச் சேர வேண்டியது.

மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே வரியில் கேளுங்கள். அரை மணி நேரம் உங்கள் சூழ்நிலையை விளக்கினால், அப்பாவை இழந்தவர் உங்களைத் தேற்றும்படி ஆகிவிடும். இப்படி எழுதலாம்:

'நான்தான், கும்பகோணம் ஹாஸ்டல். அப்பா போனது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். தெரிந்த அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும், கூப்பிடவில்லை, மன்னித்துக்கொள். எனக்கும் சேர்த்து அவர் கொண்டுவரும் முறுக்கை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். உன்னோடு பேச வேண்டும்போல் இருக்கிறது. எப்போது கூப்பிடட்டும்?'

இதோடு நிறுத்துங்கள். பதில் வந்ததும் வாட்ஸ்அப்பிலேயே இழுத்துக்கொண்டிருக்காமல் போனில் பேசுங்கள். எப்லியும் அமித் குமார் என்ற ஆய்வாளரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பழைய நண்பரோடு மறுபடி தொடர்புகொள்ளச் சிலரைக் கேட்டுக்கொண்டார்கள். போனில் பேசினால் தர்மசங்கடமாக இருக்கும், மின்னஞ்சல்தான் தேவலை என்றே பலரும் நினைத்தார்கள். யார் போன் செய்வது, யார் எழுதுவது என்று குலுக்கல் முறையில் பிரித்துவிட்டுப் பார்த்தால், குரலில் பேசியவர்களிடம்தான் நெருக்கம் அதிகம். அவர்கள் பயந்த சங்கடமோ எழுதியவர்களுக்கு இருந்ததைவிடக் கூடுதலாக இல்லை.

அனுப்பும் நேரத்தில் விரல் நடுங்கினால், அக்னினும் சாண்ட்ஸ்ட்ராமும் செய்துபார்த்த ஒரு வழி இருக்கிறது. இப்போதும் பழக்கத்தில் உள்ளவர்களுக்கு முதலில் சில செய்திகளை அனுப்பிவிட்டு, அந்தச் சூட்டோடு பழைய நண்பருக்கு அனுப்புவது. அப்படிச் சில நிமிடம் பழகிக்கொண்டவர்களில் 53 சதவீதம் பேர் அனுப்பினார்கள். அந்த நேரத்தில் சமூக ஊடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 31 சதவீதம் பேர்தான் அனுப்பினார்கள். அதனால் நாத்தனாருக்கு ஒன்று, எதிர்வீட்டு அக்காவுக்கு ஒன்று, உங்கள் தங்கைக்கு ஒன்று என்று நாலு வரி விசாரித்து அனுப்பிவிட்டு, போனைக் கீழே வைக்காமல் தோழியின் பெயரைத் திறந்துவிடுங்கள்.

கல்யாணத்தை ஏன் தனியே பிரிக்கச் சொல்கிறேன் என்றால், இந்த ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தவை. அங்கே மொய் நோட்டு கிடையாது. நம்மிடம் பத்திரிகை என்றால் அதோடு மொய்யும் வருகிறது, முறையும் வருகிறது. 'காரியம் இருந்தால்தான் கூப்பிடுவார்கள்' என்று யாருக்கும் தோன்றக்கூடும். உங்கள் கணவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் முந்நூறு பேருக்குப் போகிற அதே படம் முதல் தொடர்பாகத் தோழிக்கும் போய்ச் சேர்ந்தால் உங்கள் பயம் நிஜமாகிவிடும். முதல் பேச்சு அப்பாவுக்கும் உங்கள் தோழிக்கும் மட்டும் இருக்கட்டும். பெண்ணுக்கு வரன் பார்த்தாயிற்றா என்று அவரே கேட்டால் மறைக்க வேண்டாம், 'தையில் வைத்திருக்கிறோம், அதைப் பற்றித் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லுங்கள்.

பதிலே வராமலும் போகலாம். எண் மாறியிருக்கலாம், அவர் வீட்டிலும் நோயும் கடனும் இருக்கலாம். ஒரு வாரம் பொறுத்து ஒரே ஒரு முறை போன் செய்யுங்கள். அதற்கும் எடுக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. கோபமாகப் பேசினாரென்றால், பேசட்டும். 'நீ வருவாய் என்று பார்த்தேன்' என்று சொன்னால், இத்தனை வருடமும் உங்களுக்கு அவர் மனதில் ஓர் இடம் இருந்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தைக்குப் பிறகு உங்கள் வீடு காலியாகிவிடும். நம் பெண்களில் பலருக்குக் கல்யாணத்தோடு விலாசம் மாறி, பிள்ளை, மாமியார் என்று நட்புகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோகின்றன. ஐம்பது வயதில் திரும்பிப் பார்த்தால் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. இதை வெறும் மனக்குறை என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவின் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு 2010இல் 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. சராசரியாக ஏழரை ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டவர்கள் அவர்கள். உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. மகளின் கல்யாணத்துக்கு உங்கள் தோழி வந்து போவதோடு இது முடிந்துவிடக் கூடாது என்று ஆசைப்படுகிறேன்.

பேச்சு நல்லபடியாக அமைந்தால், பத்திரிகை வந்ததும் நேரில் போய்க் கொடுங்கள், கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். தோழி இன்னமும் வடக்கே என்றால் தபாலில் பத்திரிகையையும், உள்ளே உங்கள் கையால் எழுதிய ஒரு கடிதத்தையும் வைத்து அனுப்புங்கள். ரயில் முன்பதிவுக்கு நேரம் வேண்டும், தை என்றால் பொங்கல் கூட்டம் வேறு. ஆகையால் தேதியைச் சீக்கிரமே சொல்லிவிடுங்கள்.