புல் தின்ன மாடா, சோளம் தின்ன மாடா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா வணக்கம். நாகர்கோவில் பக்கத்துல இருந்து டல்லாஸ் வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. ஊர்ல ஞாயித்துக்கிழமை காலைல கறிக்கடைல நின்னு இது எந்த ஊரு மாடுன்னு கேட்டு வாங்குவோம். இங்க பாக்கெட்ல ஆர்கானிக்னு ஒண்ணு, நேச்சுரல்னு ஒண்ணு, புல் தின்ன மாடுன்னு அர்த்தம் வர்ற கிராஸ்ஃபெட்னு ஒண்ணு ஒட்டிருக்கான், விலை மட்டும் ஏறிக்கிட்டே போகுது. புல் மேஞ்ச மாட்டுக்கறி நிஜமா எங்கக்கா கிடைக்கும்?

பதில்: தம்பி, முதல்ல அந்த நேச்சுரலை மறந்துருங்க. செயற்கையா எதுவும் சேர்க்கல, ரொம்ப பதப்படுத்தலன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம், மாடு என்ன தின்னுச்சு எங்க நின்னுச்சுன்னு அது ஒண்ணுமே சொல்லாது, அதுக்காக ஒரு டாலர் கூட அதிகம் குடுக்காதீங்க.

ஆர்கானிக் நல்ல விஷயம்தான். ஹார்மோன் ஊசி கிடையாது, ஆன்டிபயாடிக் கிடையாது, தீவனம் முழுக்க ஆர்கானிக்கா இருக்கணும். ஆனா அந்த தீவனம் சோளமாவும் இருக்கலாம், இங்கதான் நம்மாளுங்க நிறைய பேர் ஏமாந்து போறாங்க. அமெரிக்க விவசாயத்துறை 2010-ல கொண்டுவந்த விதிப்படி வருஷத்துல குறைஞ்சது 120 நாள் மாடு மேயணும், அந்த மேய்ச்சல் காலத்துல அது தின்னுறதுல 30 சதவீதமாவது மேய்ச்சல்ல இருந்து வரணும், அவ்வளவுதான். கறிக்கு வளர்க்குற மாட்டுக்கு கடைசி நாலு மாசம் வரைக்கும் அந்த 30 சதவீத கணக்குல இருந்து விலக்கு கூட இருக்கு. அதனால ஆர்கானிக்னா புல் மாடுன்னு நினைச்சுக்காதீங்க, ரெண்டும் வேற வேற.

கிராஸ்ஃபெட் கதை இன்னும் சிக்கல். அமெரிக்காவுல அனேகமா எல்லா கன்னுக்குட்டியும் ஆரம்பத்துல புல்லுதான் மேயுது, கடைசி நாலஞ்சு ஆறு மாசம்தான் ஃபீட்லாட்ல அடைச்சு சோளம் போட்டு கொழுக்க வைக்கிறாங்க. ஆக "புல் தின்னுச்சா"ன்னு கேட்டா பத்தாது, "கடைசி வரைக்கும் புல்லு மட்டும்தானா"ன்னு கேக்கணும், அதுக்குத்தான் கிராஸ் ஃபினிஷ்டுன்னு பேரு. விவசாயத்துறை இதுக்குன்னு வச்சிருந்த தரநிலையை 2016 ஜனவரியில வாபஸ் வாங்கிட்டாங்க, இப்ப பண்ணைக்காரர் குடுக்குற பேப்பரை பாத்துட்டு லேபிளுக்கு அனுமதி குடுக்குறாங்க. பாக்கெட்ல 100 சதவீதம்னு போட்டிருக்கான்னு பாருங்க, அமெரிக்கன் கிராஸ்ஃபெட் அசோசியேஷன் முத்திரை இருந்தா இன்னும் நல்லது, பால்குடி மறந்ததுல இருந்து புல்லு மட்டும், அடைச்சு வைக்கக் கூடாது, அமெரிக்கப் பண்ணையிலயே பிறந்து வளந்திருக்கணும்னு அவங்க கண்டிஷன். கடையில கிடைக்குற புல் மாட்டுக்கறி நிறைய ஆஸ்திரேலியா, உருகுவேல இருந்து வர்றது. அது மோசமில்ல, நல்லா மேஞ்ச மாடுதான். ஆனா முன்னாடி இங்க கொண்டுவந்து வெட்டி பேக் பண்ணாலே அமெரிக்கத் தயாரிப்புன்னு போட்டுக்கலாம், 2026 ஜனவரி 1-ல இருந்து இங்கயே பிறந்து, வளந்து, வெட்டினதுக்குத்தான் அந்தப் பேரு.

இப்ப எங்க வாங்குறதுன்னு கேட்டீங்கல்ல. என் பதில் ஒண்ணே ஒண்ணு, பண்ணைக்காரரை நேர்ல பாருங்க. நீங்க இருக்குறது டெக்ஸாஸ், மாட்டுக்கே பேர்போன ஊரு! சனிக்கிழமை ஃபார்மர்ஸ் மார்க்கெட் போங்க, கடைசி மூணு மாசம் என்ன போட்டீங்க, குளிர்காலத்துல என்ன போடுவீங்கன்னு கேளுங்க, காஞ்ச புல்லுன்னு சொன்னா சரி, தானியம்னு சொன்னா அது முழுக்க புல் மாடு இல்ல. பண்ணைக்கு வந்து பாக்கலாமான்னு கேளுங்க, நேர்மையா வளக்குறவர் சந்தோஷமா வாங்கன்னு சொல்வாரு. நான் இப்படித்தான் ஏழு வருஷமா ஒரே குடும்பத்துக்கிட்ட வாங்குறேன்.

மொத்தமா வாங்குனா கட்டுப்படியாகும், கால் மாடு, அரை மாடுன்னு விப்பாங்க. 1100 பவுண்டு மாடு தோலுரிச்சு தொங்கவிட்டா சுமார் 640, வெட்டி பாக்கெட் போட்டா 400 வரும், உங்க கால் பங்குக்கு 100 பவுண்டு. விலை பெரும்பாலும் தொங்குற எடைக்குத்தான் போடுவாங்க, இதை கவனிங்க. உங்க கால் பங்குக்கு தொங்குற எடை 160 பவுண்டு, உதாரணத்துக்கு பவுண்டு 6 டாலர்னா 960 டாலர், வீட்டுக்கு வர்றது 100 பவுண்டு, ஆக கைக்கு வர்ற கறி பவுண்டு 9.60, வெட்டுக்கூலி தனி. அஞ்சு கன அடி ஃப்ரீசர் ஒண்ணு போதும். வெட்டுற இடத்துல எப்படி வெட்டணும்னு கேட்டு ஒரு படிவம் தருவாங்க, அதுல ஈரல், இதயம், நாக்கு, வால், சூப்பு எலும்பு எல்லாம் வேணும்னு டிக் பண்ணிருங்க. நான் முதல் தடவை அதை பண்ணல, எலும்பு ஒண்ணு கூட வரல, கேட்டா தூக்கிப் போட்டாச்சுன்னுட்டாங்க, மனசு ஆறவே இல்ல.

கேள்வி: நான் வாணியம்பாடி, இப்ப நியூஜெர்சி. ஹலால் கடையில வாங்குறது புல் மாடா மேடம்?

பதில்: ஹலால்ங்கிறது எப்படி அறுத்தாங்கன்னு சொல்லுது, என்ன தின்னுச்சுன்னு சொல்லாது. கடைக்காரர்கிட்ட எந்தப் பண்ணைன்னு கேளுங்க, சொல்லத் தெரியலன்னா அது சாதாரண ஃபீட்லாட் மாடாத்தான் இருக்கும். பக்கத்துல பென்சில்வேனியா இருக்கு, நாலு குடும்பம் சேர்ந்து ஒரு புல் மாட்டை பேசி முடிச்சு, ஜபீஹா, அதாவது இஸ்லாமிய முறைப்படி அறுக்குற ஆள் இருக்குற, அரசு ஆய்வு நடக்குற இடத்துல அறுத்து பங்கு போட்டுக்கலாம். பண்ணைக்காரர்கிட்ட இதை முன்னாடியே சொல்லிருங்க, அவரு வழக்கமா போற இடத்துல அறுக்குறது வேற மாதிரி இருக்கலாம்.

கேள்வி: அவ்வளவு விலை குடுத்து வாங்கியும் கறி ரப்பர் மாதிரி இருக்கே, கொழுப்பு வேற மஞ்சளா இருக்கு, கெட்டுப்போச்சா?

பதில்: கெடல மா. பச்சைப் புல்லுல இருக்குற பீட்டா கரோட்டின்தான் அந்த மஞ்சள், அதை பாத்து சந்தோஷப்படுங்க. நடந்து மேஞ்ச மாடு, கொழுப்பு கம்மி, அதனால பெரிய தீ ஆகாது. குழம்புக்கு சக்னு சொல்ற தோள்பட்டைக் கறி, ஷாங்க்னு சொல்ற கால் கறி வாங்குங்க, ஸ்டேக் துண்டை குழம்புல போட்டா விறைச்சுதான் போகும். ஃப்ரீசர்ல இருந்து எடுத்து ஒரு நாள் முழுக்க ஃபிரிட்ஜ்ல வச்சு இளக விடுங்க, இஞ்சி பூண்டு மஞ்சள் உப்போட கொஞ்சம் பப்பாளிக்காய் அரைச்சு அரை மணி நேரம் பிரட்டி வைங்க, குக்கர்ல முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சு முப்பத்தஞ்சு நாப்பது நிமிஷம் விடுங்க, ஆவி தானா அடங்கட்டும், விசிலைத் தூக்காதீங்க. அப்புறம் தேங்காண்ணெய்ல தேங்காய் சில்லு, கறிவேப்பிலை, இடிச்ச மிளகு போட்டு சுருள வதக்குங்க. ஒமேகா 3 சோளம் தின்ன மாட்டை விட இதுல அதிகம்தான், ஆனா மத்தி மீன் அளவுக்கெல்லாம் வராது, அதனால மீன் வாங்குறதை நிறுத்திடாதீங்க.