யாருடைய முட்டுக்கட்டை?

வணக்கம் சார்,

பிரெக்ஸிட் பற்றி எழுதும்போது 2019இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முடங்கிக் கிடந்ததை இரண்டு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். 2016 வாக்கெடுப்பில் 1 கோடியே 74 லட்சம் பேர் ‘ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறு’ என்று சொல்லிவிட்டார்கள். அதை நிறைவேற்றாமல் எம்.பி.க்கள் இழுத்தடித்தது துரோகம் இல்லையா? மக்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள்?

ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

துரோகம் என்று அங்கேயும் நிறையப் பேர் கத்தினார்கள். பொறுத்துக்கொண்டார்கள் என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2019 ஜனவரி 15 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதமர் தெரசா மே ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேசி முடித்துக் கொண்டுவந்த வெளியேறும் ஒப்பந்தம் 202க்கு 432 என்று தோற்றது. நவீன காலத்தில் அங்கே எந்த அரசும் சபையில் இவ்வளவு பெரிய அடி வாங்கியதில்லை. வெளியே, நாடாளுமன்றத்துக்கு எதிரே இரண்டு கூட்டங்கள். ஒன்றின் கையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீலக்கொடி, இன்னொன்றின் கையில் பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக். முடிவு தெரிந்ததும் இரண்டு கூட்டமும் ஆரவாரம் செய்தன! ஒப்பந்தம் போனது, இனி ஒன்றியத்திலேயே இருந்துவிடலாம் என்று இவர்களுக்குச் சந்தோஷம். ஒப்பந்தமே இல்லாமல் சுத்தமாக வெட்டிக்கொண்டு போகலாம் என்று அவர்களுக்கு.

உள்ளே எதிர்த்து வாக்களித்த 432 பேரும் இதே கலவைதான். அதில் 118 பேர் மேயின் சொந்தக் கட்சிக்காரர்கள். அதனால்தான், எம்.பி.க்கள் மக்களை மறந்துவிட்டார்கள் என்ற பேச்சு எனக்குச் சரியாகப் படவில்லை. மக்கள் எப்படிப் பிரிந்து கிடந்தார்களோ, கிட்டத்தட்ட அப்படியேதான் அவர்களும் பிரிந்து கிடந்தார்கள். வாக்குச்சீட்டில் கேட்டது இருப்பதா, வெளியேறுவதா என்று மட்டும். எப்படி வெளியேறுவது, தங்களுக்குள் சுங்க வரி இல்லாமல் வணிகம் செய்யும் சுங்க ஒன்றியத்தில் நீடிப்பதா, பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக்கும் நடுவே மறுபடி எல்லைச் சாவடி வருமா, இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. 51.9 சதவீதம் பேர் வெளியேறு என்றார்கள், சரி. அந்த 51.9க்குள் எத்தனை விதமான வெளியேற்றம் இருந்தது?

மார்ச் மாதம்தான் உச்சம். 20ஆம் தேதி தெரசா மே தொலைக்காட்சியில் தோன்றி, மக்கள் சலித்துப்போய்விட்டார்கள், நான் உங்கள் பக்கம் என்று பழியை எம்.பி.க்கள் மேல் போட்டார். மறுநாளே, பிரெக்ஸிட்டைக் கைவிடச் சொல்லும் மனுவில் கையெழுத்துப் போட ஆட்கள் குவிந்ததில் நாடாளுமன்றத்தின் மனு இணையதளம் படுத்துவிட்டது. கடைசியில் 60 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து. 23ஆம் தேதி இரண்டாவது வாக்கெடுப்பு கேட்டு லண்டனில் மாபெரும் பேரணி. 29ஆம் தேதி, அதாவது வெளியேறியிருக்க வேண்டிய அதே நாளில், ஒப்பந்தம் மூன்றாம் முறை தோற்றது. அன்று நாடாளுமன்றத்துக்கு எதிரே நின்று கோபப்பட்டது வெளியேறச் சொன்ன கூட்டம். இதில் எந்தக் கூட்டத்தை ‘மக்கள்’ என்று கணக்கில் எடுப்பீர்கள்?

எம்.பி.க்களும் சும்மா இருக்கவில்லை. மார்ச் 27 அன்று எட்டு மாற்று வழிகளை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். எட்டுக்கும் பெரும்பான்மை இல்லை. ஏப்ரல் 1 அன்று நான்கு. அதில் சுங்க ஒன்றிய யோசனை வெறும் மூன்று வாக்கில் போயிற்று. (அதே வாரம் சபையில் மேலிருந்து தண்ணீர் ஒழுகி கூட்டத்தையே ஒத்திவைத்தார்கள். நையாண்டிக்காரர்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.)

அப்புறம் கோபம் வாக்குச்சாவடிக்குப் போனது. மே மாத உள்ளாட்சித் தேர்தலில் ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சி 1,300க்கும் மேற்பட்ட இடங்களை இழந்தது. வெளியேறியிருக்க வேண்டிய நாடு அதே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் தேர்தல் நடத்தியது; அந்த வருஷம்தான் களமிறங்கிய பிரெக்ஸிட் கட்சி 29 இடங்களோடு முதலிடம், கன்சர்வேட்டிவ் ஐந்தாமிடம்.

டிசம்பர் பொதுத் தேர்தலில், தெரசா மேவுக்குப் பிறகு அதே கட்சியிலிருந்து பிரதமரான போரிஸ் ஜான்சன் ‘பிரெக்ஸிட்டை முடித்துவிடுவோம்’ என்று ஒரே கோஷத்தோடு வந்து 365 இடங்களை அள்ளினார். அந்தக் கோஷத்தில் வாதமே கிடையாது. அலுத்துப்போனவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது என்று நினைக்கிறேன். அவர் கட்சி வாங்கியது சுமார் 44 சதவீத வாக்கு. இரண்டாவது வாக்கெடுப்பு கேட்ட கட்சிகளின் வாக்குகளைக் கூட்டிப் பார்த்தால் பாதியைத் தொடும், ஆனால் அது நாலைந்து கட்சிகளாகச் சிதறிக் கிடந்தது. தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவர் ஜெயிக்கும் முறைதான் அங்கேயும். இந்தக் கணக்கை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.