தாத்தா பாட்டி பெயர், கல்யாண வருஷத்தை கிராஸ் ஸ்டிச் சாம்ப்ளரில் (பெருக்கல் குறித் தையலில் எழுத்தும் படமும் போட்ட அலங்காரத் துணியில்) எப்படித் தைப்பது?

முதலில் வருஷத்தைச் சரிபாருங்கள். 1956 வரை நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரவில்லை; திருவிதாங்கூர் காலத்துப் பத்திரங்களில் பெரும்பாலும் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். ஆவணியில் தொடங்கும் ஆண்டு அது. ஆங்கில வருஷம் கிடைக்க, கல்யாணம் ஆவணி முதல் டிசம்பர் வரை என்றால் 824, ஜனவரி முதல் என்றால் 825 கூட்டுங்கள்: கொல்லம் 1110 என்றால் 1934-35. நானாக இருந்தால் ‘கொல்லம் 1110’ என்றே தைப்பேன், அழகு அதில்தான்.

அப்புறம் எழுத்து. கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியில், 14 கவுண்ட் என்றால் அங்குலத்துக்கு 14 கட்டம். 70 கட்டம் அகலமான பெயர் 5 அங்குலம் பிடிக்கும். ழ, ஞ போன்றவற்றின் வளைவு சின்னக் கட்டங்களில் சிதைந்துவிடும். கிராஃப் தாளில் வரைந்து பாருங்கள், சரிவராவிட்டால் பேக் ஸ்டிச் (கோடு போல ஓடும் தையல்) போடுங்கள். ஓரத்துக்குப் பனைமரம் போதும்.